மார்க்கண்டேய நதி: கோடு பின்னாடி வந்துச்சு, ஆறு முன்னாடியே இருந்துச்சு

கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளி சந்தையில ஒரு அரைமணி நேரம் நின்னு பாருங்க, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே பேரத்துல கலந்து வரும். கர்நாடகாவும் ஆந்திராவும் அவ்ளோ பக்கம். அந்தப் பக்கமா ஓடுற ஆறுதான் மார்க்கண்டேய நதி.

மேப்ப பாருங்க. கர்நாடகாவுல கோலார் மாவட்டப் பக்கம் இருந்து வருது, தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சு வேப்பனப்பள்ளி வழியா தெக்கால இறங்கி கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை)கிட்ட தென்பெண்ணையில சேந்துடுது. நடுவுல மாரசந்திரம் தடுப்பணை இருக்கு, அங்கிருந்துதான் வாய்க்கால் வழியா படேதலாவ் ஏரிக்கு தண்ணி போகுது. சின்ன ஆறுதான், ஆனா நம்ம ஊரு பூமி பூரா பாறை, கீழ இருக்கற பாறை இடுக்குலதான் தண்ணி தங்கும், அதனால ஆத்துல நாலு நாள் தண்ணி ஓடுனா சுத்துப்பட்டு கிணறு, போர்வெல் எல்லாத்துலயும் மட்டம் ஏறும், மாந்தோப்புக்காரங்கள கேட்டா தெரியும்.

சரி, இது எப்போ ரெண்டு அரசாங்கத்து ஆறா மாறுச்சு? 1792-ல திப்பு சுல்தான் பாராமகாலை, அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து சீமையை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்ககிட்ட விட்டுக்கொடுத்தாரு. அதுக்கப்புறம் மேல மைசூர், கீழ மெட்ராஸ்னு ஆயிடுச்சு. நம்ம பக்கமே எத்தனை தடவை பேர் மாறிடுச்சு பாருங்க, மொதல்ல சேலம் மாவட்டம், 1965-ல தர்மபுரி, 2004-ல கிருஷ்ணகிரி. ஆறு என்னவோ அதே பள்ளத்துலதான் ஓடுது.

இப்போ முக்கியமான விஷயம். 1892-ல மைசூரும் மெட்ராஸும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பட்டியல்ல இருக்கற ஆறுகள்ல மைசூர் புதுசா அணை கட்டணும்னா மெட்ராஸோட சம்மதம் வேணும். அந்தப் பட்டியல்ல தெற்குப் பினாகினி இருக்கு, அதாவது நம்ம தென்பெண்ணை. மார்க்கண்டேய நதின்னு தனியா பேர் இல்ல. துணையாறும் அதுல சேத்திதான்னு தமிழ்நாடு சொல்லுது, எனக்கும் அதுதான் நியாயமா படுது, கிளைய அடைச்சா தாய் ஆத்துக்கு எங்கிருந்து தண்ணி வரும்?

பங்காருப்பேட்டை தாலுகா யார்கோள்ல கர்நாடகா அணை கட்ட ஆரம்பிச்சாங்க, கோலார், பங்காருப்பேட்டை, மாலூர் ஊருங்களுக்கு குடிதண்ணி. அவங்க கஷ்டமும் உண்மையானதுதான், கோலார் வறட்சி இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2019 நவம்பர் 14-ஆம் தேதி அணைக்குத் தடை குடுக்க முடியாதுன்னுட்டாங்க, ஆத்துத் தண்ணி தகராறை விசாரிக்கற நடுவர் மன்றம் வேணும்னா மத்திய அரசுகிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டாங்க. அணையும் முடிஞ்சிடுச்சு.

அப்போ கீழ என்ன வரும்? அணை ரொம்பி வழிஞ்சா வர்றது ஒண்ணு, அணைக்குக் கீழ இருக்கற காடு மேட்டுல பெய்யற மழை வடிஞ்சு வர்றது இன்னொண்ணு. முன்னாடி சுமாரா மழை பெஞ்ச வருசத்துலயும் மேல இருந்து வர்ற தண்ணி ஆத்துல வந்துடும், இனிமே அது மொதல்ல யார்கோள்ல நின்னு, ரொம்புனாத்தான் மாரசந்திரத்துக்கு வரும், அதுக்கப்புறம்தான் படேதலாவ் ஏரிக்கு.