பாயில் படுத்துக்கொண்டா சம்பளம் கேட்கிறோம்?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்று இளையவர்கள் கேட்பது நியாயமா, சொகுசா? நியாயம் என்று பேச வந்தவன் நான்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வரி சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாயில் படுத்துக்கொண்டே சம்பளம் கேட்கிறார்கள்." சரி அண்ணன், அந்தப் பாயைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

இங்கே திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, நகரத்தில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதுகிறாள். காலை எட்டரைக்கு வாசலில் உள்ள பிங்கர் மெஷினில் விரலை வைப்பாள். 'ட்ரை அகெய்ன்' என்னும் மெஷின். பெருவிரலை வைப்பாள். ட்ரை அகெய்ன். கைலேஞ்சியில் நன்றாகத் துடைத்துவிட்டு மற்றக் கை. ட்ரை அகெய்ன்! பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒருவழியாகப் பதியும்போது எட்டு முப்பத்தொன்பது. பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. மூன்று கோடு சேர்ந்தால் அரை நாள் லீவு வெட்டு. மனேஜரிடம் போனாளாம். "மெஷின் பழுதில்லைப் பிள்ளை, உன் விரல்தான் பழுது" என்றாராம்.

விரல் ஏன் பழுதானது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். அவளுடைய அப்பா கடல்தொழில். விடியப்புறம் நாலு மணிக்குப் படகு கரைக்கு வரும். வலைக்கண்ணில் செவுளோடு மாட்டிக் கிடக்கும் மீனை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஈரக் கை, உப்புத் தண்ணீர், நைலோன் நூல். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். விரல் நுனியில் ரேகை இருக்க வேண்டிய இடமெல்லாம் குறுக்கும் மறுக்குமாக நூல் அறுத்த கோடு. மெஷின் பாவம், எந்தக் கோட்டை வாசிக்கும்? மீன் கழற்றி, குளித்து, பஸ் பிடித்து வருகிற பிள்ளை அவள். அண்ணன், நீங்கள் சொன்ன பாயை நாலு மணிக்கே சுருட்டி வைத்தாயிற்று!

அவள் கேட்டது என்ன? "ஒன்பதரைக்கு வந்து, ஒரு மணித்தியாலம் பிந்திப் போகிறேன்." அவ்வளவுதான். "உனக்குத் தந்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்று மறுத்துவிட்டார்கள். கேட்கட்டுமே! 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது. அந்த எட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. எட்டு எங்கே தொடங்குவது என்று எங்களோடும் பேசுங்கள் என்கிறோம்.

தாதிமார் வீட்டிலிருந்து ஊசி போடுவார்களா என்று எதிரணியில் கேட்டார்கள். முடியாதுதான். ஆனால் ட்யூட்டி மாற்றிக்கொள்ளலாமே.

2022இல் என்ன நடந்தது? சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அந்த ஜூனில் அரசாங்கமே தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தது. பெற்றோல் இல்லாதபோது வளைந்த நேரம், பெற்ற தாய்க்காக வளையாதா?

இது என் வீட்டுக் கதை. அம்மாவுக்குக் கண்ணில் ஒப்பரேஷன். நாளுக்கு ஆறு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். நான் கொழும்பில் கம்ப்யூட்டருக்கு முன்னால். அதே வேலையை இங்கே வீட்டுத் திண்ணையிலிருந்தும் செய்யலாம். இரண்டு கிழமை கேட்டேன், தரவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் வந்து மருந்து விட்டார். நான் போனில் "விட்டாச்சா அம்மா, விட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டு அவிழ்த்த அன்று கண்ணைத் திறந்து, "தம்பி எங்கே?" என்று கேட்டாராம். எதிரே நின்றது அந்த அக்கா. அன்றிரவே மெயில் ரயில் ஏறினேன். நான் வாசலுக்கு வந்தபோது விடிந்துவிட்டது. அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மெலிந்துபோனாய்" என்றார்.

நடுவர் அவர்களே, அம்மா அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். ஒரு நாள் லீவுதான் கிடைத்தது, நாளைக் காலை எட்டரைக்குக் கொழும்பில் விரல் வைக்க வேண்டும். இன்றிரவு ரயிலுக்கு முன் அவரோடு சாப்பிட வேண்டும். வணக்கம்.