பக்கத்து மேசை

நண்பர்களே, நிறுவனத் தலைவரின் சம்பளம் பல மடங்கு ஏறியது என்று கேள்விப்பட்டால் நமக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் நம்மோடு சேர்ந்து, நாம் செய்யும் அதே வேலையைச் செய்கிற பக்கத்து மேசைக்காரரை மேலதிகாரி நாலு பேர் முன்னால் பாராட்டினால்? அன்று ராத்திரி தூக்கம் வராது. மனிதர்கள் தங்களுக்கு நிகரானவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். பொறாமை முளைப்பது அந்த ஒப்பீட்டில்தான்.

சரி, அதே பாராட்டைக் கேட்டு ஒருவர் கைதட்டுகிறார், இன்னொருவர் உள்ளுக்குள் புழுங்குகிறார். ஏன்? சுபாவம் ஒரு காரணம். சட்டென்று கலங்கிப் போகிறவர்களும், தன் மதிப்பைப் பற்றி உள்ளூரச் சந்தேகம் உள்ளவர்களும் பொறாமையில் அதிகம் சிக்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதைக் கேட்டதும் மேலதிகாரிகளுக்கு ஒரு நிம்மதி வரும்: கோளாறு அவரிடம்தான், நம்மிடம் இல்லை. அந்த நிம்மதியை நான் ஏற்கவில்லை.

1975-இல் டான்செரோ, கிரேன், ஹாகா மூவரும் வெளியிட்ட ஆய்வு, மேலதிகாரி தன்கீழ் இருக்கும் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்று காட்டியது. சிலருக்கு நம்பிக்கை, முன்கூட்டியே தகவல், நல்ல வேலைகள் எல்லாம் கிடைக்கும். மற்றவர்களுக்கு விதிப்படி வேலை, விதிப்படி சம்பளம், அவ்வளவுதான். வெளியே நிற்பவருக்கு வயிறு எரிவது காசுக்காக மட்டும் இல்லை, மேலதிகாரியின் காது இன்னொருவருக்குத் திறந்திருக்கிறதே என்பதற்காகவும்தான்.

நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, சிக்கலான வேலை வந்தால் ஒரே பெண்ணைத்தான் கூப்பிடுவேன். நன்றாகச் செய்வார், வேறு காரணம் கிடையாது. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை. அவருக்குப் போக வேண்டிய கோப்புகள் தாமதமாயின, அவர் வந்தால் பேச்சு நின்றது. மற்றவர்களின் மனசு சரியில்லை என்றே நினைத்தேன். ஒருநாள் ஒருவர் வந்து, "சார், என்கிட்ட என்ன குறைன்னு சொல்லிடுங்க, திருத்திக்கிறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அப்படியொரு வேலையை அவரிடம் நான் ஒருமுறைகூடக் கொடுத்துப் பார்த்ததே இல்லை.

டச்சு மொழியில் பொறாமைக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, நாமும் அந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம். மற்றது, உயரத்தில் இருப்பவரைக் கீழே இழுக்கத் துடிப்பது. வான் டி வென்னும் அவருடைய சகாக்களும் 2009-இல் இந்த இரண்டையும் பிரித்து ஆராய்ந்தார்கள். அவர் தகுதியால் பெற்றார் என்று தோன்றினால் முதல் வகை எழுகிறது, தகுதியில்லாமல் பெற்றார் என்று தோன்றினால் இரண்டாவது. ஒருவருடைய சுபாவத்தை மேலதிகாரியால் மாற்ற முடியாது. ஆனால் காரணத்தை வாய்திறந்து சொல்ல முடியும், அடுத்த வாய்ப்பை வேறொருவருக்குக் கொடுக்க முடியும்.

அடுத்து வந்த சிக்கலான வேலையை, தன் குறை என்னவென்று கேட்டு வந்தவரிடம் கொடுத்தேன். இத்தனை நாள் அந்தப் பெண்ணை ஏன் கூப்பிட்டேன், இப்போது இவரை ஏன் கூப்பிடுகிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவருக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. முதல் வாரம் சந்தேகங்களை என்னிடம் கொண்டுவந்தார். அப்புறம் என்னிடம் வரவில்லை, நேராக அந்தப் பெண்ணின் மேசைக்குப் போனார்.