அன்னத்துக்குப் படியளக்கும் ஊர்

(எங்கள் மூத்த குடிமக்கள் மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, அவரை அழைத்துவந்த வார்டு உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். ஐயாவுக்கு வயது 91. ஆறாம் வகுப்பில் எனக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். நகர்மன்றத் தலைவர் அம்மா இன்னொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார். அந்த மனசுக்குத் தனியாக ஒரு நன்றி.

பெல்ஜியத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் புரூஜ் நகரம் பார்த்து வந்தேன். அதில் கால்வாய், ஓவியம், முதியோர் என்று மூன்று விஷயம் பேசுவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1134ஆம் ஆண்டு ஒரு புயலில் கடல் உள்ளே புகுந்து ஸ்வின் என்கிற கழியை வெட்டிவிட்டுப் போனது. அந்தக் கழியால்தான் புரூஜ் வாழ்ந்தது. இங்கிலாந்துக் கம்பளியும் இத்தாலி வியாபாரிகளும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். பங்குச் சந்தையை ‘போர்ஸ்’ என்கிறார்களே, அந்தப் பெயரே இந்த ஊரில் விடுதி நடத்திய வான் டெர் பூர்சே குடும்பத்திலிருந்து வந்தது என்பார்கள். அப்புறம் கழியில் வண்டல் சேர்ந்தது, கப்பல் நின்றது, வியாபாரம் ஆன்ட்வெர்ப்புக்குப் போனது. ஊர் ஏழையானது. இடித்துக் கட்டக் காசில்லாததால் பழைய வீடுகள் அப்படியே தப்பின. சந்தைச் சதுக்கத்து மணிக்கூண்டுக்கு 366 படி. என் முழங்காலுக்கு அது ஒத்துவராது. கீழே பெஞ்சில் உட்கார்ந்து மணியிசை கேட்டேன், அதுவே போதும்.

படகில் ஏறினோம். பாலங்களுக்கு அடியில் தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லிப் படகோட்டி குரல் கொடுப்பார். பக்கத்தில் அன்னங்கள், வெள்ளை வெளேரென்று. அதற்கு ஒரு கதை சொன்னார் பாருங்கள், அதை உங்களிடம் முழுதாகச் சொல்லியே ஆகவேண்டும்.

1488ஆம் ஆண்டு. அந்தப் பகுதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து இளவரசர் மாக்சிமிலியன் வரி மேல் வரி போடுகிறார். ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அவரைப் பிடித்துச் சதுக்கத்து ஓரமாக ஒரு வீட்டில் பூட்டிவைத்துவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட ஆள்! பின்னால் பேரரசராகப் போகிறவர். அவருடைய ஆலோசகர் பீட்டர் லாங்ஹால்ஸ். லாங்ஹால்ஸ் என்றால் அவர்கள் மொழியில் நீண்ட கழுத்து. அந்த மனிதரை அதே சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து மாக்சிமிலியன் வெளியே வந்தார். இதுவரை சரித்திரம். இனிமேல் ஊர் சொல்லும் கதை. அவர் தண்டனை விதித்தாராம்: “நீண்ட கழுத்துக்காரனைக் கொன்றீர்கள் அல்லவா? இனி என்றென்றைக்கும் உங்கள் கால்வாயில் நீண்ட கழுத்துப் பறவையை உங்கள் செலவில் வளர்க்க வேண்டும்!” கதை நிஜமோ இல்லையோ, அன்னங்கள் நிஜம். 500 வருஷத்துக் கதைக்காக ஒரு ஊர் இன்றைக்கும் பறவைக்குப் படியளக்கிறது.

பறவைக்கே இப்படி என்றால் மனிதருக்கு? அங்கேதான் வருகிறேன்.

என் அம்மா அடிக்கடி சொல்வார், “எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்று. படகிலிருந்து இறங்கி ஒரு சந்தில் திரும்பினோம். தெருவைப் பார்த்து ஒரு சாதாரணக் கதவு. உள்ளே போனால் ஒரு முற்றம், சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த குட்டி வீடுகள். கோட்ஸ்ஹெய்ஸ் என்கிறார்கள், கடவுளின் வீடு. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே தொழிற்குழுக்களும் வசதியான குடும்பங்களும் ஏழை முதியவர்களுக்காகக் கட்டியவை. அந்தக் காலத்தில் குடியிருப்பவர்கள் கட்டியவருக்காகத் தினமும் வேண்டிக்கொள்ள வேண்டும், அதுதான் வாடகையாக இருந்தது. ஊரில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. மியூலெனேர் என்கிற ஒன்று 1613இல் கட்டியது. உள்ளே புதுப்பித்து, இன்றைக்கும் முதியவர்களைத்தான் குடிவைக்கிறார்கள்.

ஒரு வாசலில் சக்கரம் வைத்த நடைவண்டி சாத்தியிருந்தது. அதன் கூடையில் ரொட்டிப் பொட்டலம். சொந்தக்கார அம்மா ஜன்னல் பூந்தொட்டிக்கு டீ கோப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார். தன் கதவு, தன் தாழ்ப்பாள். எலி வளையானாலும் தனி வளை! கடைத்தெருவும் கோயிலும் கூப்பிடு தூரத்தில்.

அதே ஊரில் பெகைன்ஹாஃப் இருக்கிறது, 1245இல் தொடங்கியது. கன்னியாஸ்திரிகளைப் போல ஆயுள் முழுக்க விரதம் பூணாமலே பக்தியுள்ள பெண்கள் சேர்ந்து வாழ்ந்த இடம். அவர்களுக்கும் தனித்தனி வீடு. உயர்ந்த மரங்களுக்கு நடுவே அந்த வீடுகளைப் பார்க்கும்போது என் மனைவி எதுவும் பேசவில்லை.

நம் முதியோர் இல்லங்களை எங்கே கட்டுகிறோம்? ஊருக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி. ஒரு கூடத்தில் இருபது கட்டில். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு இல்லத்தில் தன் மூக்குக்கண்ணாடியைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினார். வைக்க வேறு இடம் கிடையாது. சாப்பாடு நல்ல சாப்பாடுதான். ஆனால் வளை இல்லையே!

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய சத்திரம் பூட்டிக் கிடக்கிறது. கிணறு இருக்கிறது, முற்றம் இருக்கிறது, தாழ்வாரத்தைத் தடுத்தால் பன்னிரண்டு சிறிய வீடு வரும். மருத்துவமனை நடக்கிற தூரம், காய்கறிக் கடை எதிரிலேயே. நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஓவியம் பற்றியும் சொல்லவேண்டும். மாதா கோயிலில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்கு மாதாவும் குழந்தையும் இருக்கின்றன. பெரிய ஓவியர் யான் வான் ஐக் வாழ்ந்து இறந்த ஊர் அது. செயலாளர் மணியைக் காட்டுகிறார், சரி.

சத்திரத்தை முதியோர் வீடுகளாக்கக் கேட்கும் மனு வாசலோர மேசையில் இருக்கிறது. எழுத்து பெரிதாகவே அச்சடித்திருக்கிறோம். தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். படியிறங்க முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள், தாளை நாங்கள் கொண்டுவருகிறோம். வணக்கம்.