காணாமல் காட்டியவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றை அறிவது என்றால் என்ன, பிரக்ஞை என்பது உண்மையிலேயே விடுவிக்க முடியாத புதிரா என்று பேச அழைத்தார்கள். நான் கண் மருத்துவன். தத்துவப் பேராசிரியர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு யோசித்தபோது, இந்தக் கேள்வியை மேடைப் பேச்சிலிருந்து இறக்கி ஆய்வறைக்குள் கொண்டுவந்தது எங்கள் துறையில் தினமும் செய்யும் ஒரு பரிசோதனைதான் என்பது நினைவுக்கு வந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

கண்ணழுத்த நோய்க்கு மருந்து விடுகிறவர்களுக்கு 'ஃபீல்டு டெஸ்ட்' என்றால் தெரிந்திருக்கும். ஒரு கண்ணை மறைத்து, தாடையைத் தாங்கியில் ஊன்றி, வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள சிறு விளக்கைவிட்டுக் கண் நகரக் கூடாது. அங்குமிங்கும் ஒளிப்புள்ளிகள் மின்னி மறையும். தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். முடித்து வெளியே வருகிற பலருக்கும் ஒரே குறைதான்: சில புள்ளிகள் தெரிந்தனவா, தெரிந்ததுபோல் இருந்ததா என்றே புரியவில்லை, குத்துமதிப்பாக அமுக்கிவிட்டேன் என்பார்கள். இது கருவியைச் செய்தவர்களுக்கும் தெரியும். பல கருவிகள் நடுநடுவே புள்ளியே காட்டாமல் வெறும் சத்தத்தை மட்டும் எழுப்பும். அதற்கும் அமுக்கினால், ஆள் அவசரக்காரர் என்று குறித்துக்கொள்ளும். அமுக்காத இடமெல்லாம் தாளில் கறுப்பாக அச்சாகும். அங்கே பார்வை இல்லை என்று நாங்கள் முடிவு கட்டுகிறோம்.

அந்தக் கறுப்பின் மீதுதான் 1973இல் ஒரு சந்தேகம் விழுந்தது. லண்டனில் ஒரு நோயாளி. மருத்துவ நூல்களில் அவர் பெயர் டி.பி. என்ற இரண்டு எழுத்து மட்டுமே. வலப்புறப் பின்மூளையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்ததால் கடுமையான தலைவலி. அந்தப் பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். தலைவலி தீர்ந்தது, ஆனால் இடப்பக்கப் பார்வை போய்விட்டது. கண்கள் இரண்டும் பழுதில்லாமல்தான் இருந்தன. கண் அனுப்பும் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதிதான் வலப்பக்கம் இல்லாமல் போனது. நேரே பார்க்கும்போது நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது எதுவும் தெரியவில்லை என்றார். பரிசோதனைத் தாளும் அதையே சொன்னது.

லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டார்கள். தெரிகிறதா என்று கேட்கவில்லை. தெரியாவிட்டால் போகட்டும், விளக்கு எந்த இடத்தில் எரிந்திருக்கும் என்று ஊகித்துக் கையைக் காட்டுங்கள் என்றார்கள். கோடு படுத்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். டி.பி. காட்டினார், சொன்னார். குருட்டாம்போக்கில் சொன்னால் பாதிதான் சரியாக வர வேண்டும். அவர் சொன்னதோ பெரும்பாலும் சரியாக இருந்தது. மதிப்பெண்ணைக் காட்டியபோது அவரே வியந்துபோனார். தாம் எதையும் பார்க்கவில்லை, ஊகித்ததுதான் என்று கடைசிவரை சொன்னார். இந்த முடிவுகள் 1974இல் வெளியாயின.

கண் மருத்துவனுக்கு உடனே எழும் சந்தேகம், வெளிச்சம் சிதறி நல்ல பக்கத்துப் பார்வையில் பட்டிருக்குமோ என்பது. அதையும் சோதித்திருக்கிறார்கள், அதுவும் வெகு சாமர்த்தியமாக. நம் எல்லோர் கண்ணிலும், பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்களே கிடையாது. அந்தக் குருட்டுப்புள்ளியின் மீது ஒளியை விழச் செய்தார்கள். டி.பி.யின் ஊகம் தோற்றுப்போனது. அதைவிட்டு விலகிய இடத்தில் ஒளி பட்டால் ஊகம் பலித்தது. சிதறிய வெளிச்சம் உதவியிருந்தால் இரண்டு இடத்திலும் பலித்திருக்க வேண்டுமல்லவா? கண்ணிலிருந்து புறப்படும் நரம்பிழைகளில் ஒரு சிறு பங்கு, பின்மூளைக்குப் போகாமல் நடுமூளைக்குப் போகிறது. அந்தப் பழைய பாதை வழியாகச் செய்தி போயிருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இப்போது சொல்லுங்கள், விளக்கு எங்கே எரிந்தது என்பதை டி.பி. அறிந்திருந்தாரா, இல்லையா?

நம் மரபில் இதற்கு இடம் உண்டா என்று தேடினால், மணிமேகலையில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகள் பேசும் பகுதிக்குத்தான் போக வேண்டும். அங்கே அளவைவாதி அறிவதற்கான வழிகளாகக் காண்டல் தொடங்கிப் பத்தைச் சொல்கிறான். அறிவு பிழையாகும் வழிகளாக எட்டைச் சொல்கிறான். நட்டு வைத்த கட்டையை ஆள் என்று துணிவது ஒன்று. கொடும்புலி பக்கத்தில் வந்தும், கண்டும், உணராமல் நிற்பது இன்னொன்று. எவ்வளவு நுட்பமான பட்டியல்! ஆனாலும் டி.பி. அதில் அகப்படவில்லை. கண்டும் உணராதவனை அந்தக் கவிஞர் அறிவார். காணவில்லை என்று சாதித்துக்கொண்டே புலி நிற்கும் திசையைச் சரியாகக் கைகாட்டுகிறவன் அந்தப் பட்டியலில் இல்லை.

வடமொழித் தருக்கத்தில், மீமாம்சை என்ற தத்துவ மரபைச் சேர்ந்த இருவர் இன்னும் கிட்டே வருகிறார்கள். ஒன்றை அறியும்போதே 'நான் அறிகிறேன்' என்பதும் கூடவே வெளிப்பட்டுவிடும் என்றார் பிரபாகரர். அப்படி இல்லை, பொருள்தான் நேரே தெரியும், அறிதல் நிகழ்ந்தது என்பதைப் பிற்பாடு அனுமானித்துத்தான் தெரிந்துகொள்கிறோம் என்றார் குமாரிலர். டி.பி. தம் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான், தமக்குள் ஏதோ அறிதல் நடந்திருக்கிறது என்று அனுமானித்தார். குமாரிலர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் பாதிதான் மகிழ முடியும். பொருள்தான் டி.பி.க்கு நேரே தெரியவில்லையே.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டி.பி.யின் மூளையில் செய்தி இருந்தது. அது அவருடைய அறிவாக இல்லை. கேட்டால், வற்புறுத்தினால், கை காட்டும். கேட்காவிட்டால் அதைத் தாமாக எடுத்து ஒரு முடிவுக்கும் பயன்படுத்தமாட்டார். இதோ நான் பார்த்தேன் என்று யாரிடமும் சாட்சி சொல்லமாட்டார். அறிந்தேன் என்று ஒருவர் சொல்வதில் அந்தப் பொறுப்பேற்பும் சேர்ந்தே இருக்கிறது. பிரக்ஞை செய்யும் வேலைகளுள் ஒன்று, செய்தியை நம் கைச்சரக்காக்கித் தருவது.

இதை மறுக்கிறவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. டி.பி. போன்றவர்களுக்கு மிக மங்கலாக ஏதோ தெரிகிறது, அவ்வளவு மங்கலை அவர்கள் பார்வை என்று ஏற்கத் தயங்குகிறார்கள், அவ்வளவே என்பது அவர்கள் வாதம். குத்துமதிப்பாக அமுக்கிவிட்டேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

குரங்கிடம் இதைக் கேட்க முடியுமா? முடிந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஹெலன் என்ற குரங்குக்கு அந்தப் பார்வைப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. நிக்கோலஸ் ஹம்ஃப்ரி பல வருடம் அதனோடு பழகி, தடைகளில் மோதாமல் நடக்கவும் தரையில் கிடக்கும் துணுக்குகளைப் பொறுக்கவும் பழக்கினார். பார்த்தவர்களுக்கு அதற்குக் கண் தெரிகிறது என்றே தோன்றும். 1995இல் கௌவி, ஸ்டோரிக் என்ற இருவர், மூளையின் ஒரு பக்கம் அதேபோல் பாதிக்கப்பட்ட வேறு குரங்குகளுக்கு, 'ஒளி ஏதும் இல்லை' என்று தெரிவிக்கவும் ஒரு வழி வைத்தார்கள். பாதிக்கப்பட்ட பக்கத்தில் ஒளி எங்கே என்று கேட்டால் அவை சரியாகத் தொட்டன. ஒளி உண்டா, இல்லையா என்ற தேர்வில், அதே பக்கத்து ஒளிக்கு 'இல்லை' என்றன.

இவ்வளவும் இயந்திர நுட்பம்தானே, இதில் புதிர் எங்கே என்று கேட்கலாம். டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் முப்பது ஆண்டுகளாக அதைத்தான் கேட்கிறார். இந்த வேலைகளையெல்லாம் மூளை எப்படிச் செய்கிறது என்பதை ஒருநாள் முழுவதும் விளக்கிவிடலாம், ஆனால் அவை நடக்கும்போது உள்ளே அனுபவம் என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும் என்கிறார். 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக் அவரிடம் பந்தயம் கட்டினார்: பிரக்ஞைக்குரிய நரம்புத் தடம் இருபத்தைந்து ஆண்டுக்குள் தெளிவாகப் பிடிபட்டுவிடும் என்று. 2023இல் நியூயார்க்கில், அரங்கத்தார் முன்னிலையில், காக் தோல்வியை ஏற்று வைன் புட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, குவாண்டம் இயற்பியல்தான் ஆன்மாவுக்குச் சான்று என்று பிரசங்கம் செய்யக் கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு புதிரை இன்னொரு புதிரால் மூடினால் இரண்டும் விளங்காது. எனக்குப் புதிராகப் படுவது இதுதான்: ஒருவர் ஒன்றை அறிவாரா என்பதை வெளியிலிருந்து பத்து வழியில் சோதிக்கலாம். அவருக்கு அது அனுபவமாக இருந்ததா என்பதற்குக் கடைசியில் அவர் சாட்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தச் சாட்சியைச் சொல்ல உடம்பு ஒத்துழைக்காதவர் என்ன செய்வார்? 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்தில் அடிபட்டு எந்தச் சொல்லுக்கும் அசையாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு அப்போது எந்த இடம் இயங்குமோ, அதே இடம் அவருக்கும் இயங்கியது. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக அசையாத 241 பேரில் 60 பேருடைய மூளை இப்படிப் பதில் சொன்னது. உறவினர்கள் சுற்றி நின்று, இனி இவருக்கு ஒன்றும் தெரியாது என்று பேசிக்கொள்ளும் படுக்கைகள் இவை.

நடுவே, 2010இல், இதே போன்ற இன்னொரு நோயாளியிடம் கேள்விகளே கேட்டுப் பார்த்தார்கள். ஆம் என்றால் டென்னிஸ் ஆடுவதாகவும், இல்லை என்றால் வீட்டுக்குள் நடப்பதாகவும் அவர் நினைக்க வேண்டும். அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றிய ஆறு கேள்விகள். ஐந்துக்குச் சரியான விடை கிடைத்தது. ஆறாவது கேள்விக்கு, எதிர்பார்த்த இடங்களில் ஓர் அசைவும் இல்லை. உறங்கிவிட்டாரா, கேள்வி எட்டவில்லையா, போதும் என்று பதில் சொல்லாமல் இருந்துவிட்டாரா என்பதை அந்தப் படத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

நன்றி, வணக்கம்.