விரலில் பச்சை குத்திய பிரசங்கியார்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் இருக்கிற என் தாய்மாமாவுக்கு வயது 84. இரண்டு வருஷமாக என்னைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார், ஒரு படத்துக்காக. படத்தின் பெயர் தெரியாது, நடிகர் யாரென்றும் தெரியாது. எங்கே பார்த்தீர்கள் என்றால் ஒரு நாள் சென்னை என்பார், மறுநாள் பம்பாய் என்பார்.

"ஒரு பிரசங்கியார் வருவான், மருமவனே. கறுப்புக் கோட்டு, தொப்பி. ராத்திரியில பாட்டுப் பாடிக்கிட்டே குதிரையில வருவான். விரல்ல பச்சை இருக்கும். ரெண்டு சின்னப் பிள்ளைய படகுல தப்பிச்சுப் போகும். கடைசியில பிரசங்கக் கூடம் தீப்பிடிச்சு எரியும் பாரு, அந்தச் செவப்பு இன்னும் கண்ணுல நிக்கி."

'பச்சை' என்றதும் நான், "அப்போ கலர் படமா மாமா?" என்று கேட்டுவைத்தேன். "பச்சை குத்துனதுல, கூறுகெட்டவனே" என்றார்.

குதிரை, பிரசங்கியார் என்பதை வைத்து முதலில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'பேல் ரைடர்' படத்தை நீட்டினேன். 1985 என்றதும், "எனக்குக் கல்யாணம் ஆவுறதுக்கு முந்தி பாத்தது" என்று தள்ளிவிட்டார். ராபர்ட் டுவால் எழுதி, இயக்கி, நடித்த 'தி அப்போஸ்தல்' 1997இல் வந்தது. ஆண்டைச் சொல்லாமல் அதைப் போட்டுக் காட்டினேன். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இவரு நல்ல மனுஷன்லா. நான் சொல்லுதது கொலகாரன்" என்றார்.

கொலைகாரன் என்பதை அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார். ஆனால் துப்பு முதல் நாளே கிடைத்திருந்தது. எங்கள் ஊரில் சபைக் குருவை ஐயர் என்போம், ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவரைப் பிரசங்கியார் என்போம். இரண்டு பேரையும் மாமா 'அவரு' போடாமல் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் 'பிரசங்கியார் வருவான்' என்றாரே! அந்த 'வான்' என் காதில் அன்றைக்கு விழவில்லை.

அதற்கப்புறம் படம் கிடைக்க அரை நாள்கூட ஆகவில்லை. 1955இல் வந்த 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்'. ராபர்ட் மிட்சம்தான் அந்தப் போலிப் பிரசங்கியார். வலது கை விரல்களில் 'லவ்', இடது கை விரல்களில் 'ஹேட்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நாலு நாலு எழுத்து, விரலுக்கு ஒன்றாக அமைந்துவிடுகிறது. தமிழில் குத்தியிருந்தால் வெறுப்புக்கு நாலு விரலும் நிறைந்திருக்கும். அன்புக்கு மூன்றே எழுத்து, ஒரு விரல் காலி. இரண்டு கையையும் கோத்து மல்லுக்கட்ட விட்டு, அன்பு ஜெயிப்பதாக அவன் நடித்துக் காட்டும்போது ஊரே சொக்கி நிற்கும். இதை உங்களுக்குக் கையால் காட்ட முடியாமல் போயிற்று, இது வானொலி.

தூக்கில் போடப்பட்ட ஒருவன் கொள்ளையடித்த 10,000 டாலர், அவன் மகளின் பொம்மைக்குள் இருக்கிறது. அந்தப் பணத்துக்காகத்தான் இவன் விதவைத் தாயைக் கட்டிக்கொள்கிறான், கொல்லவும் செய்கிறான். அப்புறம் பிள்ளைகளைத் துரத்துகிறான். டேவிஸ் க்ரப் 1953இல் எழுதிய நாவலிலிருந்து வந்த கதை. கல்யாண விளம்பரம் மூலம் பெண்களை வரவழைத்துக் கொன்ற ஹாரி பவர்ஸ் என்பவனை மேற்கு வர்ஜீனியாவில், க்ரப் பிறந்த மவுண்ட்ஸ்வில் ஊரிலேயே, 1932இல் தூக்கில் போட்டார்கள். நாவலுக்கு விதை அவன்தான்.

நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம் இது. வந்த காலத்தில் ஓடவில்லை. 1962இல் இறக்கும்வரை அவர் இன்னொரு படம் இயக்கவுமில்லை.

மாமாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வைக்கோல் பரணிலிருந்து பையன் எட்டிப் பார்க்கிறான். தூரத்தில் வானத்தின் விளிம்பில் அந்தக் குதிரைக்காரன், பாட்டு மட்டும் காதுக்குக் கிட்டத்தில். மாமா சொன்ன அதே காட்சி. அது ஸ்டுடியோவில் எடுத்தது. தூரம் காட்டுவதற்காக உயரம் குறைந்த ஒருவரை மட்டக்குதிரையில் ஏற்றி நடக்க விட்டிருக்கிறார் ஒளிப்பதிவாளர் ஸ்டான்லி கார்ட்டெஸ். சொன்னேன். "சும்மா கெட" என்றார் மாமா.

பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த கிழவி, லிலியன் கிஷ், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியக் காவல் இருக்கிறாள். வேலிக்கு வெளியே அவன் ஞானப்பாட்டு பாடுகிறான். இவளும் உள்ளேயிருந்து அதே பாட்டில் கூடச் சேர்ந்துகொள்கிறாள், இயேசுவின் பெயரைச் சேர்த்து. அவன் பாட்டில் அந்தப் பெயர் இல்லை. இத்தனை தடவை பார்த்தும் எனக்கு இந்த இடத்தில் முதுகு சில்லிடும். மாமாவின் உதடும் அசைந்தது.

படம் முடிந்தது. "தீ எங்கல?" என்றார்.

தீ இதில் கிடையாது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, சிவப்புக்கு வழியே இல்லை. அது 1960இல் வந்த 'எல்மர் கேன்ட்ரி', வண்ணப் படம். பர்ட் லங்காஸ்டருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அதிலும் ஒரு வாய்ச்சொல் வீரனான பிரசங்கியார். அதில்தான் கடைசியில் பிரசங்கக் கூடம் எரிகிறது. இரண்டையும் மாமா ஒன்றாகத் தைத்து அறுபது வருஷத்துக்கு மேல் வைத்திருக்கிறார். அந்தக் காட்சியையும் போட்டுக் காட்டி, இதுதானே என்றேன்.

உற்றுப் பார்த்தார். "தீ இதுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா அந்தப் படத்துலயும் இருந்துச்சுல. நீ போட்டது வெட்டுன காப்பி" என்றார்.