சனிக்கிழமையும் அந்த கேட் திறக்கணும்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாமார்களே, அய்யாமார்களே, வெளிய அம்மனுக்கு கூழ் காய்ச்சிட்டு இருக்காங்க, அதனால ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன், ஆனா சனிக்கிழமை ஸ்கூல் கிரவுண்ட நம்ம பிள்ளைங்களுக்கு திறந்து விடறத பத்தி இன்னிக்கு பேசாம போனா எனக்கு தூக்கம் வராது.

போன சனிக்கிழமை காலைல எங்க ரோட்ல பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க, பெயிண்ட் டின் தான் ஸ்டம்ப், டர்பன்ல நம்ம சாட்ஸ்வர்த் பகுதி ரோடுங்க எப்படின்னு உங்களுக்கே தெரியும், பந்த விட்டா பள்ளம் வரைக்கும் உருண்டு போயிடும், ஒவ்வொரு கார் வரப்பவும் டின்ன தூக்கிட்டு ஓரமா ஒதுங்கணும். எதுத்தாப்ல ஸ்கூல் கிரவுண்ட், புல்லு வெட்டி காலியா கெடக்கு, கேட்ல பூட்டு. பந்து உள்ள போயிடுச்சு. ஒரு பொடியன், எட்டு ஒம்போது வயசு இருக்கும், பேலிசேட் வேலில கம்பி வளைஞ்சிருந்த சந்துல உடம்ப ஒடுக்கிக்கிட்டு நுழைஞ்சு பந்த எடுத்துட்டான், வெளிய வரப்போ கம்பி முனை சட்டைய தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் கிழிச்சிடுச்சு. முதுகுல நீளமா ரத்தக்கோடு. அதுக்கு அவன் அழல, சட்டைய கழட்டி பாத்துட்டு தான் அழுதான்.

நம்ம பெரியவங்க இந்த ஸ்கூலுங்களுக்கு பட்ட பாட்ட நெனச்சு பாருங்க. தென்னாப்பிரிக்கால நம்ம நேட்டால் மாகாணத்துல இந்திய வம்சாவளி பிள்ளைங்களுக்கு அரசாங்கம் தானா முன்வந்து ஸ்கூல் கட்டித் தரல, ஊர் ஜனங்க காசு சேத்தா தான் அரசாங்கமும் காசு போடும், அப்படி வந்தது தான் அந்த எய்டட் ஸ்கூலுங்க. கட்டடம் பத்தாம காலைல ஒரு கூட்டம் பிள்ளைங்க, மத்தியானம் இன்னொரு கூட்டம்னு படிச்சவங்க இங்கயே உக்காந்திருக்கீங்க. அப்புறம் 1950ல, ஒவ்வொரு இனமும் தனித்தனி எடத்துல தான் குடியிருக்கணும்னு குரூப் ஏரியாஸ் சட்டம் வந்துச்சு, டர்பன்ல நம்ம ஆளுங்க இருந்த கேட்டோ மேனர்ல இருந்தும் மேகசின் பேரக்ஸ்ல இருந்தும் ஜனங்கள பேத்து 1960கள்ல இங்க கொண்டு வந்து போட்டாங்க. வீட்ட வரிசையா கட்டினாங்க, பிள்ளைங்க ஓடி ஆட எடம் பத்தி யார் யோசிச்சா? இன்னிக்கும் சாட்ஸ்வர்த்துல பல யூனிட்டுல, அதாவது பல பகுதில, சமதரையா இருக்கறதே அந்த ஸ்கூல் கிரவுண்ட் ஒண்ணு தான்.

சட்டம் தடுக்குதுன்னு சிலர் சொல்றாங்க. தடுக்கல. 1996ல வந்த பள்ளிகள் சட்டம், 84ஆம் எண், அதுல 20ஆவது பிரிவ படிச்சு பாருங்க, ஊர் ஜனங்களோட தேவைக்கு ஸ்கூல் எடத்த நியாயமான நிபந்தனையோட ஸ்கூல் நிர்வாகக் குழுவான கவர்னிங் பாடி குடுக்கலாம், கட்டணம் வாங்கலாம், அந்த காசும் ஸ்கூலுக்கே சேரும்னு இருக்கு. அந்த கவர்னிங் பாடில ஓட்டு போடற மெம்பருங்கள்ல பாதிக்கு மேல பெத்தவங்க தான் இருக்கணும். அப்ப பூட்டு யார் கைல இருக்கு? நம்ம கைல தான்.

பிரின்சிபாலுங்க பயப்படறதுலயும் நியாயம் இருக்கு, அத நான் லேசா எடுத்துக்கல. குழாய கழட்டிட்டு போறாங்க, காப்பர் ஒயர அறுக்கறாங்க, திங்கக்கிழமை காலைல வந்து பாத்தா டாய்லெட்ல தண்ணி இல்ல. யாராவது விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா யார் பொறுப்பு? ஸ்கூல் நடத்தற காரியத்துல நடந்தா அரசாங்கம் ஏத்துக்கும், நம்ம ஆட்டம் அதுல வராது, அதனால கிரவுண்ட எடுத்து நடத்தற குழு எழுதி கையெழுத்து போடணும், இன்சூரன்ஸ் பாக்கணும், கேர்டேக்கருக்கு சனிக்கிழமை சம்பளம் தனியா குடுக்கணும், அவரும் குடும்பஸ்தர் தானே. கிளாஸ்ரூம் பக்கம் யாரும் போகக்கூடாது, கிரவுண்டும் நெட்பால் கோர்ட்டும் வெளி டாய்லெட் ஒண்ணும் போதும். ஆனா ஒண்ணு, ஆள் நடமாட்டம் இருக்கற எடத்துல பட்டப்பகல்ல ஒயர் அறுக்க எவனும் துணிய மாட்டான். காலியா கெடக்கற எடத்த தான் திருடனும் தேடறான், சுகர்ஸ்ங்கற போதைப்பொருள் விக்கறவனும் தேடறான்.

2000 மார்ச் 24 இங்க யாருக்கும் மறந்திருக்காது. இங்க சாட்ஸ்வர்த்துல இருந்த த்ராப் நைட் கிளப்ல நெரிசல்ல 13 பிள்ளைங்க செத்தாங்க, ஸ்கூல் லீவு விட்ட சந்தோஷத்துல போன பிள்ளைங்க. அதுக்கப்புறம் மண்டேலா அய்யாவே வந்து பாத்து, பிள்ளைங்களுக்குன்னு ஒரு எடம் வேணும்னு யூத் சென்டர் வந்துச்சு. நல்லது. இவ்ளோ பெரிய ஊருக்கு ஒரு சென்டர் எப்படிங்க போதும், அதுவும் பஸ்ஸுக்கு காசில்லாத வீட்டு பிள்ளைக்கு? அவனுக்கு நடந்து போற தூரத்துல இருக்கறது ஸ்கூல் தான். பெண் பிள்ளைங்கள பத்தி நான் இன்னும் பேசவே இல்ல, ரோட்ல கிரிக்கெட் ஆட அவங்கள யாரும் விடறதில்ல, நெட்பால் கோர்ட் திறந்திருந்தா அம்மாவ கூட்டிட்டு வருவாங்க.

மொதல்ல சனிக்கிழமை மட்டும் கேப்போம், காலைல எட்டுல இருந்து மத்தியானம் ஒண்ணு வரைக்கும், மூணு மாசம் நடத்தி காட்டுவோம், ஏதாவது ஒடைஞ்சா நம்ம செலவுலயே சரி பண்ணி குடுப்போம். ரெண்டு மணி நேரத்துக்கு ரெண்டு பெரியவங்க கேட்டுகிட்ட நாற்காலி போட்டு உக்காந்து வர்றவங்க பேர எழுதிக்கணும், அவ்வளவு தான் வேலை.

கூழ் குடிச்சிட்டு போறப்போ கதவுகிட்ட ஒரு நோட்டு வெச்சிருக்கேன், உங்க பேரும் நம்பரும் எந்த நேரம் வர முடியும்ங்கறதும் எழுதிட்டு போங்க. எட்டுல இருந்து பத்து வரைக்கும் என் பேர் போட்டாச்சு, பக்கத்துல இன்னொரு ஆளுக்கு எடம் காலியா இருக்கு.