ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே படிக்க வைக்கிறோம், எங்க வீடு எப்படி ஓடுது?

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லாருக்கீங்களா. இன்னைக்கு ரொம்ப நாளா பேசணும்னு நெனச்ச விஷயத்தைப் பேசப்போறேன். எங்க பையனுக்கு இப்ப ஏழு வயசு, யூகேஜி வரைக்கும் ஸ்கூல் போனான், அதுக்கப்புறம் வீட்லதான் படிக்கிறான். இதக் கேள்விப்பட்ட ஒடனே எல்லாரும் கேக்குறது ஒன்னுதான், அக்கா எந்த சிலபஸ், எந்த புக், எங்க வாங்குனீங்க. சொல்றேன், அதுவும் சொல்றேன். ஆனா ஏழு வயசுப் புள்ளைக்கு சிலபஸ்லாம் பெரிய பிரச்சனையே இல்லங்க. ஹோம்ஸ்கூலிங் யோசிக்கிறவங்க மொதல்ல பேச வேண்டியது வீட்ல இருக்குற ஆளுங்ககூட. யாரு எந்த நேரத்தைக் குடுப்பாங்க, அம்மா செய்யுற வேலையில எதெல்லாம் வேற ஆளுக்குப் போகும், இத ஓப்பனா பேசி முடிவு பண்ணாம ஆரம்பிச்சா மொத்தமும் ஒரே ஆள் தலையில விழும், அது யாரு தலைன்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல. கொஞ்ச மாசத்துல அந்த அம்மா ஓஞ்சு போயிருவாங்க, புள்ளையும் எரிச்சல்ல வளரும்.

நாங்க ஏன் ஆரம்பிச்சோம்னா எங்க வீட்டுக்காரருக்கு கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைல ஒரு கம்பெனில ஷிஃப்ட் வேலை. வாரம் வாரம் மாறும். காலைல ஆறு டூ ரெண்டு, மத்தியானம் ரெண்டு டூ பத்து, நைட்டு பத்து டூ ஆறு. நாங்க இருக்குறது மதுரை விளாங்குடி, கப்பலூர் வந்து ஊருக்கு அந்தக் கடைசி, அதனால மத்தியான ஷிஃப்ட்னா பன்னெண்டே முக்காலுக்கே கெளம்பிருவாரு, திரும்பி வர நைட்டு பதினொன்னு ஆயிரும். பையன் ஸ்கூல் போன காலத்துல அந்த வாரம் முழுக்க அப்பாவப் பாக்குறது காலைல வேனுக்கு ஓடுற அந்த அரை மணி நேரம் மட்டும்தான், அதுவும் ஷூ எங்க டை எங்கன்னு கத்திக்கிட்டே. இவரு வீட்ல சும்மா உக்காந்திருக்குற நேரத்துல புள்ள ஸ்கூல்ல இருக்கான், புள்ள வீட்டுக்கு வர்ற நேரத்துல இவரு மெஷின்ல நிக்கிறாரு. இதுதான் எங்களுக்கு உறுத்துச்சு. ஸ்கூல் மேல கோவம் எல்லாம் ஒன்னும் இல்ல, டீச்சரும் நல்லவங்கதான்.

இப்ப மத்தியான ஷிஃப்ட் வாரம்னா காலை நேரம் முழுக்க அவருது. எழுப்புறது, குளிக்க வைக்கிறது, இட்லி ஊட்டுறது (ஊட்டக்கூடாதுன்னு நான் சொல்லுவேன், கேக்க மாட்டாரு), அப்புறம் உக்காந்து வாசிப்பு, கணக்கு எல்லாம் அவர்தான். நான் அந்த நேரத்துல தையல் மெஷின்ல உக்காந்துருவேன், நான் வீட்ல பிளவுஸ் தச்சுக் குடுக்குறேன்னு பழைய சப்ஸ்கிரைபர்ஸ்க்குத் தெரியும். காலை ஷிஃப்ட்னா அவரு வந்து சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு சாயங்காலம் எடுத்துக்குவாரு. நைட் ஷிஃப்ட் வாரம்தான் கஷ்டம், பகல்ல அவரு தூங்கணும், எங்க வீடு சின்ன வீடு, ஹால்ல பேசுனா ரூமுக்குக் கேக்கும், ரெண்டு வயசுப் பாப்பா வேற இருக்கா. அந்த வாரம் டேபிள்ல உக்காந்து படிக்கிறது கம்மிதான், அத அப்படியே ஏத்துக்கிட்டோம், அந்த வாரம் பையன் தாத்தாவோட கடையிலதான் இருப்பான்.

அந்தக் கடையப் பத்திக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லணும்ங்க, ஏன்னா இவன் கத்துக்கிட்டதுல பாதி அங்கதான். எங்க மாமா, அதாவது மாமனார், பலசரக்குக் கடை வச்சிருக்காரு, தெருமுக்குல, சின்னக் கடைதான். எலக்ட்ரானிக் தராசு வந்த பெறகும் பழைய தராசும் எடைக்கல்லும் தூக்கிப் போடாம வச்சிருந்தாரு, அது இப்ப இவன் கைக்கு வந்துருச்சு. அம்பது கிராம், நூறு, எரநூறு, ஐநூறு, ஒரு கிலோ, இவ்வளவுதான் கல்லு. முக்காக்கிலோ சீனி நிறுக்கணும்னா எந்தெந்தக் கல்லு வைக்கணும்? ஐநூறு, எரநூறு, அம்பது. இத யாரும் சொல்லித் தரல, மாமா கல்ல முன்னாடி தள்ளிட்டு வாங்க வந்தவங்ககிட்ட பேசிக்கிட்டு இருப்பாரு, இவன் வச்சு வச்சுப் பாத்து முள்ளு நேரா நிக்கிற வரைக்கும் விட மாட்டான்.

அப்புறம் மீதிச் சில்லறை. முப்பத்தேழு ரூவாய்க்கு வாங்கிட்டு அம்பது ரூவா நீட்டுறாங்கன்னா புத்தகத்துல என்ன சொல்லுது, அம்பதுல முப்பத்தேழு கழி, ஒன்னாம் ஸ்தானத்துல பூஜ்ஜியம் இருக்கு, பக்கத்துல கடன் வாங்குன்னு. மாமா கழிக்கவே மாட்டாரு, மேல எண்ணிக்கிட்டே போவாரு. முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பதுன்னு மூணு ஒத்த ரூவாக் காச வைப்பாரு, அப்புறம் ஒரு பத்து ரூவா வச்சு அம்பது. பதிமூணு ரூவா கைக்கு வந்துருச்சு. இவன் அதத்தான் மொதல்ல புடிச்சான். கடன் வாங்கிக் கழிக்கிறத அவங்கப்பா பெறகு நோட்டுல சொல்லிக் குடுத்தப்ப ரெண்டு வழியிலயும் ஒரே விடை வருதான்னு இவனே செக் பண்ணிப் பாத்தான். எனக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோசம்ங்க, உண்மையா சொல்றேன்.

தமிழ் வாசிப்பும் அப்படித்தான், கடை டப்பா மேல மாமா கையால எழுதி ஒட்டுன பேரு எல்லாம், சீரகம், சோம்பு, கடுகு, வெந்தயம், கசகசா, பெருங்காயம். அச்சு எழுத்து மட்டுமே பாத்த புள்ளைங்களுக்குக் கையெழுத்து வாசிக்கத் திணறும், இவனுக்கு அது மொதல்லயே வந்துருச்சு. வீட்ல எங்க அத்தை இன்னமும் அரிசி அளக்குறது உழக்குலதான், ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. அரை, கால், அரைக்கால் மூணும் அந்த அரிசிப் பானையிலயே முடிஞ்சிரும். பின்னம்னு பேரு சொல்லி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, ஆனா கால்படிய ரெண்டா பிரிச்சா அரைக்கால்னு தெரியும்.

புக்கு கேட்டீங்கல்ல. தமிழ்நாடு பாடநூல் கழகத்தோட ரெண்டாம் வகுப்பு புத்தகம்தான், மூணு பருவத்துக்கும் நெட்ல பிடிஎஃப் ஃப்ரீயா கெடைக்கும், டவுன்லோட் பண்ணிக்கலாம். அப்புறம் 2022ல கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒன்னுலருந்து மூணாவது வரைக்கும் எண்ணும் எழுத்தும்னு கொண்டு வந்தாங்கல்ல, அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்க எந்த நிலையில இருக்காங்களோ அதுக்கேத்த மாதிரி பயிற்சி இருக்கும், அந்த ஐடியா எனக்கு ரொம்பப் புடிச்சது, வயசப் பாக்காம நிலையப் பாத்து சொல்லிக் குடுக்குறது. கதை புக்கெல்லாம் காசு குடுத்து வாங்குறத கொறச்சுட்டோம், புது நத்தம் ரோட்ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023ல தொறந்தாங்க, குழந்தைங்களுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, மதுரைக்காரங்க அத விட்றாதீங்க. அவருக்கு லீவு இருக்குற அன்னைக்கு நாலு பேரும் போயிருவோம். கீழடி மியூசியமும் பக்கம்தான், அதப் பத்தித் தனியா ஒரு வீடியோ போடுறேன்.

இப்ப எங்க அத்தையப் பத்தி. அவங்க ஆரம்பத்துல சம்மதிக்கல, இப்பவும் முழு மனசா சம்மதம்னு சொல்ல மாட்டேன். அவங்க அஞ்சாவதோட நின்னவங்க, தம்பி தங்கச்சியப் பாத்துக்க ஆளில்லன்னு நிறுத்திட்டாங்க. யூனிஃபார்ம் போட்டுப் பையத் தூக்கிட்டுப் போறதுங்குறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு நாம புரிஞ்சுக்கணும். "எனக்குக் கெடைக்காதத நீங்களா வேணாம்னு சொல்றீங்களே"ன்னு ஒரு நாள் கேட்டாங்க. அதுக்கு நான் பதிலே பேசல, ஏன்னா அது வாதம் பண்ணி ஜெயிக்கிற விஷயம் இல்ல. மாமியாருக்குப் புரியாது, பழைய காலத்து ஆளுன்னு சொல்லி ஒதுக்குற வீடியோவெல்லாம் பாக்குறப்ப எனக்கு வருத்தமா இருக்கும். அத்தை ஒரு கண்டிஷன் போட்டாங்க, ஆறாவதுக்கு வந்தா பேரன்கிட்டயே கேக்கணும், அவன் ஸ்கூல் போறேன்னு சொன்னா மறுபேச்சு பேசாம சேக்கணும்னு. எங்க ரெண்டு பேருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு, ஒத்துக்கிட்டோம். இப்ப அவங்கதான் டெய்லி மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு பையனுக்கும் பாப்பாவுக்கும் கதை சொல்லித் தூங்க வைக்கிறது, பையன் தூங்க மாட்டான், அப்பத்தாகூட தாயம் வெளையாடுவான்.

அவங்களுக்கு இருந்த இன்னொரு பயம் சட்டம், போலீஸ் கீலீஸ் வருமான்னு. நெறைய பேருக்கு இந்த பயம் இருக்கு, அதனால எனக்குத் தெரிஞ்சத நேரா சொல்லிர்றேன். கல்வி உரிமைச் சட்டம் 2009ல போட்டது, 2010 ஏப்ரல் 1லருந்து அமல்ல இருக்கு, ஆறு வயசுலருந்து பதினாலு வயசு வரைக்கும் எல்லாப் புள்ளைங்களுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. அதுல பத்தாவது பிரிவுல பக்கத்து ஸ்கூல்ல புள்ளைய சேக்குறது பெத்தவங்க கடமைன்னு எழுதியிருக்கு, இத மறைச்சுப் பேசுற ஆளு நான் இல்ல. ஆனா சேக்கலன்னா பெத்தவங்களுக்குத் தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்ல. ஹோம்ஸ்கூலிங்க அங்கீகரிக்கிற தனிச் சட்டமும் கெடையாது, அந்த எடம் வெறுமையாத்தான் இருக்கு, தெரிஞ்சுதான் எறங்கணும். அதே சட்டத்துல நாலாவது பிரிவு நமக்கு ரொம்ப முக்கியம், ஆறு வயசுக்கு மேல ஆகியும் ஸ்கூல்ல சேராத புள்ள வந்தா அதோட வயசுக்குரிய வகுப்புல சேத்துக்கணும், மத்த புள்ளைங்க அளவுக்கு வர தனிப் பயிற்சியும் குடுக்கணும். அதாவது திரும்பிப் போற கதவு தொறந்துதான் இருக்கு. அத்தைக்கு இத வாசிச்சுக் காட்டுன பெறகுதான் கொஞ்சம் நிம்மதியானாங்க.

சர்ட்டிஃபிகேட்டுக்கு ரெண்டு வழி. ஒன்னு என்ஐஓஎஸ், மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி, அதுல மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்குச் சமமா ஏ, பி, சின்னு மூணு லெவல் இருக்கு, பத்தாவது எழுத பதினாலு வயசு முடிஞ்சிருக்கணும். இன்னொன்னு நம்ம ஸ்டேட்லயே எட்டாவது தனித்தேர்வு, பன்னெண்டரை வயசு முடிஞ்சிருந்தா நேரடியா எழுதலாம். எங்களுக்கு இன்னும் டைம் இருக்கு.

யாருமே பேசாத ஒரு விஷயம் சொல்றேன். ஸ்கூல் போற புள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை அங்கயே குடுத்துருவாங்க, ஹெல்த் செக்கப் அங்கயே நடக்கும், கண்ணு சரியாத் தெரியலன்னா டீச்சர் போர்ட பாத்து எழுதச் சொல்றப்பவே தெரிஞ்சிரும். வீட்ல இருக்குற புள்ளைக்கு இதெல்லாம் நாமதான் ஞாபகம் வச்சு செய்யணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா பூச்சி மாத்திரை ஃப்ரீயாவே குடுப்பாங்க. அஞ்சு ஆறு வயசுல போடுற பூஸ்டர் ஊசி, பத்து வயசுல போடுற டிடி ஊசி, ரெண்டையும் தேதி எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. கண்ணு டெஸ்டும் வருசத்துக்கு ஒரு தடவ பண்ணிருங்க ப்ளீஸ்.

ஃப்ரெண்ட்ஸ். இதுதான் எனக்கு இன்னும் மனசுல கெடக்குற கவலை. தெருவுல புள்ளைங்க இல்லாம இல்ல, ஆனா ஸ்கூல் விட்டு நாலரைக்கு வர்றாங்க, அஞ்சரைக்கு டியூஷன், ஏழரைக்கு வந்து ஹோம்வர்க். நடுவுல இருக்குற அந்த ஒரு மணி நேரம்தான் இவனுக்கு. அதனால அந்த ஒரு மணி நேரத்துல நாங்க எதையும் வைக்கிறதில்ல, கடையும் கெடையாது, பாடமும் கெடையாது, சொந்தக்காரங்க வீட்டுக்குக் கெளம்புறதாயிருந்தாலும் அந்த டைம் தாண்டித்தான். வாரத்துல ரெண்டு நாள் காலைல சிலம்பம் கிளாஸ் போறான், அங்க பெரிய பசங்க சின்னப் பசங்க எல்லாம் கலந்து இருக்காங்க, அது நல்லாருக்கு. ஒத்த வயசுப் பசங்க கூட்டமா இருக்குற ஒரு எடம் வேணும்னுதான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.

எல்லாரும் பண்ணுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல, பெரியவங்க கூட இல்லாத வீட்ல, ஸ்கூல்ங்குறது பெரிய பலம். காலை உணவுத் திட்டமே நம்ம மதுரை சிம்மக்கல் ஸ்கூல்லதான் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க, விடியக்காலைல வேலைக்கு ஓடுற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி. எங்களுக்கு அமைஞ்சது வேற, கடை பக்கத்துலயே இருக்கு, மாமா அத்தை கூடவே இருக்காங்க, அவருக்கு ஷிஃப்ட். இதுல ஒன்னு கொறஞ்சாலும் நான் இத எடுத்திருக்க மாட்டேன்.

காசு விஷயத்தையும் சொல்லிர்றேன், ஃபீஸ் மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க, என் தையல் வருமானம் பாதியாக் கொறஞ்சத யாரும் கணக்குல சேக்குறதில்ல. எங்க வீட்டுக்காரருதான் அத மொதல்ல எடுத்துப் பேசுனாரு, உன் வருமானம் கொறையுது, அதுக்கு மாசா மாசம் உன் அக்கவுண்ட்ல ஒரு தொகை போட்டுர்றேன்னு. போடுறாரு. சாயங்காலம் ஆறுலருந்து ஏழு வரைக்கும் என் நேரம், சமையலும் இல்ல, புள்ளையும் இல்ல, மொட்ட மாடிக்குப் போயிருவேன், அந்த நேரம் பாப்பா அழுதாக்கூட வீட்ல யாராவது பாத்துக்குவாங்க. ஹோம்ஸ்கூலிங் பண்ற தங்கச்சிங்களா, இந்த ஒரு மணி நேரத்த கெஞ்சி வாங்காதீங்க, ஆரம்பிக்கிறப்பவே டைம்டேபிள்ல உங்க பேரு போட்டு எழுதிருங்க.

அடுத்த வீடியோல பையனோட கணக்கு நோட்டும் கடையில அவன் எழுதுற பற்று நோட்டும் காட்டுறேன், பேரெல்லாம் மறைச்சுட்டுத்தான் காட்டணும், மாமாகிட்ட பெர்மிஷன் வாங்கிட்டேன். அப்புறம் மதுரை, திருமங்கலம், மேலூர் பக்கம் புள்ளைய எட்டாவது தனித்தேர்வு எழுத வச்ச அப்பா அம்மா யாராவது இருந்தீங்கன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஃபார்ம் போடுறதுலருந்து சென்டர் வரைக்கும் எப்படி இருந்துச்சுன்னு நேர்ல கேக்கணும், அவருக்குக் காலை ஷிஃப்ட் வர்ற வாரம் சாயங்காலமா நாங்களே கெளம்பி வர்றோம்.